முன்பணம் வாங்கும் மருத்துவரும் மௌனம் காக்கும் விதிகளும்

நம் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் "பழைய சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டால், அண்மைக் காலமாகச் சிலர் சீட்டுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து நீட்டுகிறார்கள். அதில் குடும்பத் தலைவரின் பெயரும், ஓர் எண்ணும், 'ஓராண்டுக்குச் செல்லும்' என்ற வரியும் இருக்கும். மாதந்தோறுமோ ஆண்டுக்கு ஒருமுறையோ சந்தா செலுத்திவிட்டால், வேண்டும்போதெல்லாம் மருத்துவரைப் பார்க்கலாம், தொலைபேசியில் கேட்கலாம், தனிக் கட்டணம் இல்லை என்பது ஏற்பாடு. பெங்களூரிலும் ஓசூரிலும் வேலைக்குச் சென்றுவரும் குடும்பங்களின் வழியாக இந்த வழக்கம் தேன்கனிக்கோட்டைப் பகுதிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இம்முறையை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. சந்தா முறையில் இயங்கும் நல்ல குடும்ப மருத்துவர் ஒருவர் அருகில் இருந்தால், எங்கள் வாசலில் காத்திருப்போரில் கணிசமானோர் இங்கே வரவே வேண்டியிராது. ஒரு மருத்துவமனையின் இதழில் இப்படி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இரத்த அழுத்த மாத்திரையை மாற்றுவதற்காக அஞ்செட்டிக்கு அப்பாலிருந்து ஒருவர் ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி, மாலையில் யானை நடமாட்டத்துக்கு அஞ்சிக்கொண்டே ஊர் திரும்புவதை நாள்தோறும் பார்ப்பவர்கள் நாங்கள். அந்த வேலையை அவருடைய ஊருக்குப் பக்கத்திலேயே ஒருவர் செய்வாரானால் அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

எங்கள் கவலை வேறு. அதைச் சொல்ல ஓர் அம்மையாரைப் பற்றிக் குறிப்பிட வேண்டும்.

அறுபதைக் கடந்தவர், பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மருமகள் ஒரு ஆலையில் வேலை பார்க்கிறார். மருமகளின் சம்பளத்திலிருந்து ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டி, சிறு கிளினிக் ஒன்றில் குடும்பம் முழுவதும் உறுப்பினராகச் சேர்ந்திருந்தார்கள். நான்காம் மாதம் ஒரு நாள் சென்றபோது கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. வாடகை கட்டுப்படியாகவில்லை, மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். இரண்டு வாரம் கழித்து, காலில் ஆறாத புண்ணோடு எங்களிடம் வந்தார். கையில் சீட்டு எதுவும் இல்லை. மாத்திரை தீர்ந்துபோன காலி அட்டைகள் மூன்றைச் சேலை முந்தானையில் முடிந்துவைத்திருந்தார். அவற்றில் ஒன்றில் மருந்தின் பெயர் இருந்த பகுதி கிழிந்திருந்தது. எந்த அளவில் என்ன மருந்து போய்க்கொண்டிருந்தது என்பதை அந்த அட்டைகளிலிருந்தே ஊகிக்க வேண்டியிருந்தது.

புண்ணுக்கு மருந்து எழுதும் நேரத்தில்தான் மருமகளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. முன்பு ஏதோ ஒரு மாத்திரையில் மாமியாருக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியிருக்கிறது. அதை அந்த மருத்துவர் கணினியில் பதிந்துகொண்டாராம். மாத்திரையின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. பென்சிலின் வகையாக இருக்கக்கூடும் என்று கருதி, அவ்வகையைத் தவிர்த்து வேறு மருந்து கொடுத்தோம். மருமகளுக்கு அது நினைவுக்கு வராமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க நாங்கள் விரும்பவில்லை.

"பணம் போனா போவுது சிஸ்டர், அந்த டாக்டரம்மா நல்லவங்கதான். என் கதையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்குதே, அத யாருகிட்ட போய்க் கேக்கறது?" என்று அந்த அம்மையார் எங்கள் செவிலியரிடம் கேட்டார்.

அவருடைய கேள்வியை எடுத்துக்கொண்டு மாநிலத்தின் விதிகளைப் படித்துப் பார்த்தோம்.

தமிழ்நாட்டில் ஒரு மருத்துவர் கிளினிக் தொடங்க வேண்டுமானால், முதலில் அவர் மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு, தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அடுத்தது இடத்துக்கான பதிவு. 1997-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் பதிவுச் சான்று பெற வேண்டும். இச்சட்டத்துக்கு ஒரு கதை உண்டு. சட்டம் 1997-இல் வந்தது; அதைச் செயல்படுத்தும் விதிகள் 2018-இல்தான் வந்தன. அந்த இருபத்தோர் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகள் பலர் கல்லூரி முடித்து வேலைக்கே போயிருப்பார்கள். அதுவரை தனியார் நிறுவனங்களை மட்டுமே குறித்த சட்டம், 2018 திருத்தத்துக்குப் பின் அரசு நிறுவனங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது.

இடம், பணியாளர், கருவிகள், ஆவணங்கள் என்று அவ்விதிகள் பலவற்றைப் பேசுகின்றன. அவற்றோடு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 சேர்ந்துகொள்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் பிரித்துக் கழிவுகளைச் சேர்க்க வேண்டும். பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மருந்துக் கடை நடத்தாமல் தம் நோயாளிக்கு மட்டும் மருந்து கொடுக்கும் மருத்துவருக்கு மருந்து விற்பனை உரிமம் தேவையில்லை என்று 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஒரு விலக்கு உண்டு. சந்தா முறை கிளினிக்குகள் சில மாத்திரையையும் சேர்த்துத் தருவது இந்த விலக்கைக் கொண்டுதான்.

இவையெல்லாம் நல்ல விதிகளே. புண்ணைத் துடைத்த பஞ்சு ஓர் அறையில் எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்பது வரை சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. ஆனால் நோயாளி ஓராண்டுக்கு முன்கூட்டிக் கட்டிய பணம் யாருடைய கணக்கில், எவ்வளவு காலம் இருக்க வேண்டும், கிளினிக் மூடப்பட்டால் மீதி என்னாகும் என்பதைப் பற்றி மாநிலத்தின் மருத்துவ நிறுவன விதிகளில் ஒரு சொல் இல்லை. விதி எழுதியவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பார்த்த அன்றைக்கே கட்டணம் வாங்கும் மருத்துவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அவை. ஊசி போட்டு ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ வாங்கிக்கொள்ளும் இடத்தில், திருப்பித் தர வேண்டிய பணம் என்ற ஒன்றே எழுவதில்லை.

சந்தா முறையில் அந்தக் கேள்விதான் முதலாவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு குடும்பங்கள் சேர்ந்தால் மாதம் 60,000 ரூபாய். ஒரு சிறிய கிளினிக்கின் வாடகை, ஒரு செவிலியரின் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் போக மருத்துவருக்கு ஏதோ மிஞ்சும். அதே இருநூறு குடும்பங்களும் ஓராண்டுத் தொகையை முதல் மாதத்திலேயே கட்டிவிட்டால் 7,20,000 ரூபாய் கைக்கு வரும். மருத்துவர் அந்த மாதத்தில் உழைத்துச் சம்பாதித்தது 60,000 மட்டுமே. மீதி 6,60,000 இன்னும் நோயாளிகளின் பணம். ஆனால் வங்கிக் கணக்கில் அதன்மேல் அப்படி எழுதியிராது. கட்டில் வாங்குவது, இ.சி.ஜி. கருவி வாங்குவது, முன்பணம் கொடுத்து இடம் பிடிப்பது என்று அது கரையும். பன்னிரண்டு மாதச் செலவை முதல் மாதப் பணத்தில் தொடங்கியவர், ஐந்தாம் மாதம் புதிய உறுப்பினர் வரவில்லையென்றால் மூச்சு முட்டி நிற்பார். அந்த மருத்துவர் நல்லவர்தான் என்று அம்மையார் சொன்னதை நாங்கள் நம்புகிறோம். ஏமாற்றும் எண்ணம் இல்லாமலேயே இது நடக்கும். விதி தேவைப்படுவதும் அதனால்தான்.

பிற இடங்களில் இதை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள்? அமெரிக்காவில் இம்முறை பரவலாக உண்டு. காப்பீட்டு நிறுவனம் இடையில் நுழையாமல், மாதச் சந்தாவை நேரே மருத்துவரிடம் கொடுப்பது. அதற்கெனத் தனிச் சட்டத்தை முதலில் இயற்றியது வாஷிங்டன் மாநிலம், 2007-இல். இது காப்பீடு அன்று என்று அச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதை நோயாளிக்கு எழுத்திலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உடல்நிலையைக் காரணம் காட்டி ஒருவரைச் சேர்க்க மறுக்கவோ, நோய் முற்றிவிட்டது என்று நீக்கவோ கூடாது. கட்டணத்தை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றக் கூடாது. மாற்றுவதானால் 60 நாள்கள் முன்னதாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட சந்தாவை நோயாளி முன்கூட்டிக் கட்டினால், அந்தப் பணத்தை மருத்துவர் தனியான பொறுப்புக் கணக்கு ஒன்றில் வைக்க வேண்டும். ஒவ்வொரு மாதம் முடியும்போதும் அந்த மாதத்துக்குரிய தொகையை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் முறிந்தால் மீதியைத் தாமதமின்றித் திருப்பித் தர வேண்டும். எளிய ஏற்பாடு. வங்கியில் இன்னொரு கணக்கு தொடங்குவதற்கு மேல் மருத்துவருக்கு இதில் பெரிய செலவு எதுவும் இல்லை.

அமெரிக்காவைப் பார்த்துக் கற்க வேண்டிய நிலையில் தமிழ்நாடு இல்லை என்று சொல்வோரும் உண்டு. உண்மைதான், சந்தா மருத்துவம் நமக்குப் புதிதன்று. மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் சென்னையில் தொடங்கிய தன்னார்வ சுகாதார சேவை அமைப்பு, குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்ற ஆண்டுச் சந்தாவை வாங்கிக்கொண்டு மருத்துவம் அளித்தது. சிற்றூர்களில் சிறு சுகாதார மையங்களை அமைத்து, நோய் வரும் முன்பே வீட்டு வாசலுக்குச் சென்றது. வறியவர் குறைவாகவும் வசதியுள்ளவர் கூடுதலாகவும் கட்டினார்கள். அந்த முறைக்கு உயிராக இருந்தது நம்பிக்கை. பணத்தை வைத்திருந்தது இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பு. மருத்துவர் ஊர் மாறினாலும் அமைப்பும் ஏடுகளும் அங்கேயே இருந்தன. இன்றைய அட்டைக் கிளினிக்குகளில் இல்லாமற்போனது அந்த நிலைபேறுதான்.

இன்னும் அருகில் வந்தால், ஓசூர்த் தொழிற்பேட்டைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிந்த ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோன்றியது; மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோரிடமிருந்து 0.75 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 3.25 விழுக்காடும் பிடித்துக்கொண்டு, குடும்பம் முழுமைக்கும் மருத்துவம் தருவது. இதுவும் முன்கூட்டிக் கட்டும் சந்தாதான்; சட்டத்தின் காவல் பெற்ற சந்தா. எங்கள் வாசகர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அட்டை எடுத்தோர் பலரிடம் ஊதியச் சீட்டைக் காட்டச் சொன்னால், அதில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது. ஒரே சேவைக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால், மருந்தகம் தொலைவில் இருக்கிறது, ஷிப்ட் முடியும்போது மூடிவிடுகிறார்கள், கூட்டம் அதிகம் என்கிறார்கள். அக்குறைகள் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் மருத்துவமனைச் சேர்க்கை, அறுவை சிகிச்சை என்று வரும்போது கைகொடுப்பது ஈ.எஸ்.ஐ. தான். அதற்கான அடையாள எண்ணை வீட்டில் ஒருவராவது மனப்பாடமாக வைத்திருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அப்படியே. அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. சளிக்கும் சர்க்கரைக்கும் அன்றாடம் மருத்துவரைப் பார்க்கும் செலவை அது ஏற்பதில்லை. அந்த இடைவெளியில்தான் சந்தாக் கிளினிக் முளைக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது என்பதும், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது அதன் பணிகளில் ஒன்று என்பதும் பலருக்கு நினைவிருக்கும். சந்தா கட்டும் முன், அந்தத் திட்டத்தின் பணியாளர் உங்கள் தெருவுக்கு வருகிறாரா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எல்லையோரத்தில் வாழ்வதால் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தளியிலிருந்து ஆனேக்கல் போவோருக்கும், ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டுவோருக்கும் அது ஒரு பேருந்துப் பயணம். சட்டத்துக்கோ அது வேறு மாநிலம். கர்நாடகத்தில் 2007-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் நடப்பில் உள்ளது. 2017-இல் அதைத் திருத்த முற்பட்டபோது தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், அந்த நவம்பரில் பெங்களூர் போய்த் திரும்பிய நம் ஊர் நோயாளிகள் பட்ட பாடும் நினைவில் இருக்கலாம். அத்திருத்தம் நோயாளர் உரிமைச் சாசனம் ஒன்றைச் சட்டத்தோடு இணைத்தது. கட்டணப் பாக்கியைக் காட்டி இறந்தவரின் உடலைத் தர மறுக்கக் கூடாது என்றது. மாவட்ட அளவில் புகார் கேட்கும் அமைப்பும் அங்கே உண்டு. ஆகவே அட்டை எந்த மாநிலத்துக் கிளினிக் கொடுத்தது என்பதைப் பொறுத்தே பதிவு பற்றிய புகார் எங்கே போக வேண்டும் என்பது அமையும். எல்லைக்கு இப்பால் ஒரு கிளை, அப்பால் தலைமையிடம் என்று இருந்தால், இரு பக்கத்து அதிகாரிகளும் மற்றவரைக் கைகாட்டுவது எளிது.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல வழி இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்கிறது. அத்திப்பள்ளியில் கட்டிய பணத்துக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ரசீது கொடுக்க மறுப்பதையும் அச்சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே கணக்கிடுகிறது. ஆனால் மூவாயிரம் ரூபாய்க்காக எத்தனை பேர் கிருஷ்ணகிரிக்கு நடையாய் நடப்பார்கள்? பணம் போனபின் வழக்குப் போடுவதைவிட, போகாமல் பார்ப்பதுதான் விதியின் வேலை.

அம்மையார் கேட்டது பணத்தைப் பற்றியன்று, ஏடுகளைப் பற்றி. இதில் விதி இன்னும் மெலிந்து காணப்படுகிறது. மருத்துவர்களின் தொழில்முறை நடத்தைக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இன்றும் நடப்பில் உள்ளன. 2023-இல் வெளியான புதியவை நிறுத்திவைக்கப்பட்டுவிட்டன. நோயாளி தம் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது அவற்றில் உள்ளது. ஆவணங்களை மூன்றாண்டு காத்துவைக்க வேண்டும் என்பதும் உள்ளது. ஆனால் இந்த மூன்றாண்டு விதி, உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவரின் ஆவணங்களைக் குறித்தே எழுதப்பட்டிருக்கிறது. சந்தாக் கிளினிக்கில் எல்லோரும் புறநோயாளிகள். பதினைந்து ஆண்டுச் சர்க்கரை நோயின் வரலாறு முழுவதும் புறநோயாளியாகவே கழிந்த ஒருவருக்கு அவ்விதி துணைக்கு வருவதில்லை.

அதே ஒழுங்குமுறைகளில், பலர் அறியாத பயனுள்ள விதிகளும் உண்டு. மருத்துவர் தம் கட்டணத்தை அறையில் எழுதி வைக்க வேண்டும். பதிவு எண்ணை அறையிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டும். நோயாளிகளைப் பிடித்துத் தர முகவர்களை வைத்துக்கொள்ளக் கூடாது. வாரச் சந்தையில் மேசை போட்டு, ஒரு குடும்பத்தைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு கமிஷன் என்று அட்டை விற்பவரைக் கண்டால், அந்தக் கிளினிக்கைப் பற்றி அதுவே போதுமான செய்தி.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். "நீங்கள் பெரிய மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவையும் நாங்களே ஏற்போம்" என்று ஓர் அட்டை வாக்களித்தால், அது மருத்துவச் சந்தா என்ற எல்லையைத் தாண்டிக் காப்பீடு ஆகிவிடுகிறது. பதிவு பெறாமல் காப்பீட்டுத் தொழில் நடத்த 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. ஒரே ஒரு மருத்துவரைக் கொண்ட கிளினிக், இதய அறுவை சிகிச்சையின் செலவை எப்படி ஏற்கும் என்று கேட்பதற்குச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

அரசிடம் நாங்கள் வேண்டுவது பெரிதன்று. 2018 விதிகளோடு ஒரு பக்கம் சேர்த்தால் போதும். முன்கூட்டி வாங்கும் சந்தாவைத் தனிக் கணக்கில் வைத்து மாதந்தோறும் எடுத்துக்கொள்வது, கிளினிக்கை மூடுவதானால் உறுப்பினருக்கு முன்னறிவிப்புத் தந்து மீதிப் பணத்தையும் ஏடுகளின் படியையும் கொடுப்பது, நோயைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்காமலிருப்பது ஆகிய மூன்றும் அதில் இருந்தால் எங்கள் கவலை பெரும்பாலும் தீரும். ஒப்பந்தம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்ப்போம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர் இது. இப்போது நாங்கள் பார்க்கும் அட்டைகளின் பின்புறத்து நிபந்தனைகளோ ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் இருக்கின்றன.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு; அதைச் சொன்னவர் எங்கள் மருத்துவர்களில் ஒருவர். "இப்போதே இணை இயக்குநர் அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று ஒற்றை மருத்துவர் அலைகிறார். பத்துப் பேர் கொண்ட நிர்வாகப் பிரிவு வைத்திருக்கும் பெரிய மருத்துவமனைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. இன்னும் விதி போட்டால், உரிகத்திலும் நாட்றாம்பாளையத்திலும் கிளினிக் தொடங்க யார் வருவார்?" என்றார் அவர். இதில் நியாயம் இருக்கிறது. சிறியவரை விரட்டிப் பெரியவரை மட்டும் விட்டுவைக்கும் விதி நோயாளிக்கும் நன்மை செய்வதில்லை. அதனால்தான் புதிய உரிமம், புதிய ஆய்வு, புதிய அலுவலகம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. மாதந்தோறும் மட்டுமே சந்தா வாங்கும் மருத்துவரை, நாங்கள் சொல்லும் கணக்கு விதி தொடவே வேண்டாம். அவரிடம் நோயாளி இழக்கக்கூடியது அதிகம் போனால் ஒரு மாதப் பணம். ஆண்டுத் தொகையை மொத்தமாக வாங்க விரும்புபவர் மட்டும் இன்னொரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும்.

விதி வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது என்ன? முடிந்தவரை மாதச் சந்தாவாகவே கட்டுங்கள். ஆண்டுத் தொகைக்குத் தரும் தள்ளுபடியைக் கண்டு மயங்க வேண்டாம். ரசீதில் மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா, சுவரில் இணை இயக்குநர் கொடுத்த பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எதெல்லாம் சந்தாவில் அடங்கும், இரத்தப் பரிசோதனைக்கும் ஊசிக்கும் தனிப் பணமா, இரவில் அழைத்தால் எடுப்பது அந்த மருத்துவரா வேறு யாராவதா என்று கேளுங்கள். தொலைபேசியில் மருத்துவம் பார்ப்பதற்கு 2020 மார்ச் 25 அன்று வெளியான வழிகாட்டுதல் உண்டு. அதன்படி தொலைபேசி ஆலோசனையையும் மருத்துவர் பதிவு செய்துவைக்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால், கையொப்பம் இடும் முன் ஒப்பந்தத்தாளை எங்கள் வரவேற்புக்கு அருகில் உள்ள சமூகப் பணியாளரிடம் கொண்டுவாருங்கள். உங்கள் மொழியில் படித்துச் சொல்வார். எங்கள் நோயாளியாக இல்லாதவரும் வரலாம்.

ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்த்து வெளியே வரும்போதும், அன்றைய மருந்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கணினியில் இருப்பது கணினியோடு போய்விடும்.

அந்த அம்மையாரின் காற்புண் ஏழு வாரத்தில் ஆறியது. கடைசி நாளில் எங்கள் செவிலியர் அவருக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'பென்சிலின் ஒவ்வாமை இருக்கலாம்' என்று தமிழிலும், அதன்கீழ் கன்னடத்திலும், எந்த ஊர் மருத்துவருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. அடுத்த பக்கத்திலிருந்து மருந்துகள். காலி மாத்திரை அட்டைகள் மூன்றையும் அவர் எறியவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். இதேபோன்ற நோட்டுகள் மருந்தகச் சாளரத்தில் இருக்கின்றன. கேட்போருக்கு விலையின்றிக் கொடுக்கிறோம்.